பழைய லேப்டாப்புக்கு முதல் எஸ்எஸ்டி: எதை வாங்குவது, எப்படி மாட்டுவது

கேள்வி சுருக்கமாக இது. 2016-ல் வாங்கிய லேப்டாப். ஐந்தாம் தலைமுறை ஐ3 பிராசசர், 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. சுவிட்சைத் தட்டினால் வேலை தொடங்க ஐந்து நிமிடம் ஆகிறது, பிரவுசர் திறக்க இன்னும் இரண்டு நிமிடம். தங்கை கல்லூரியில் சேர்கிறாள், அவளுக்கு இதைத்தான் கொடுக்க வேண்டும், புதிது வாங்க இப்போது வசதியில்லை. மூவாயிரம், மிஞ்சினால் நான்காயிரம் ரூபாய் செலவு செய்யலாம். ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி என்ற சில்லு டிரைவைப் போட்டால் தேறுமா, எதை வாங்குவது, நானே மாட்ட முடியுமா?

தேறும். நீங்களே மாட்டவும் முடியும். இதே வயதுள்ள லேப்டாப்புகள் பத்துப் பதினைந்துக்கு நான் எஸ்எஸ்டி மாற்றிக் கொடுத்திருக்கிறேன். வேகத்தில் ஒன்றுகூட ஏமாற்றியதில்லை. ஐந்து நிமிடம் எடுத்த இயந்திரம் இருபது, முப்பது விநாடியில் தயாராகிவிடும். வேர்டு, எக்செல், பிடிஎஃப், பத்து டேப் திறந்த பிரவுசர், ஆன்லைன் வகுப்பு என்று கல்லூரிக்கு வேண்டியது அத்தனையும் தடையில்லாமல் ஓடும். வீடியோ எடிட்டிங், பெரிய கேம் போன்றவை மாறாது. அவை பிராசசரையும் கிராபிக்ஸையும் நம்பியவை. இணைய வேகமும் அதிகமாகாது. இதைத் தங்கையிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று தெரிந்துகொண்டால் எதற்குக் காசு கொடுக்க வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது தானாக விளங்கும். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் ஹார்டு டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுற்றுகிறது. அதாவது ஒரு சுற்றுக்குச் சுமார் 11 மில்லிவிநாடி. வேண்டிய தகவல் தட்டில் எங்கோ ஓரிடத்தில் இருக்கும். முதலில் தகவலைப் படிக்கும் தலை அந்த வரிக்கு நகர வேண்டும், அப்புறம் தகவல் தலைக்குக் கீழே சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டும் சேர்த்து ஒரு துண்டை எடுக்கச் சராசரியாக 15 முதல் 20 மில்லிவிநாடி. கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் விண்டோஸ் எழுந்து நிற்கும்போது ஒரே பெரிய கோப்பைப் படிப்பதில்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாக ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளைப் படிக்கிறது. பத்தாயிரம் துண்டு என்று வைத்துக்கொண்டால், துண்டுக்கு 17 மில்லிவிநாடி வீதம் கிட்டத்தட்ட மூன்று நிமிடம். மளிகைக் கடையில் நீளமான சீட்டைக் கொடுக்கிறீர்கள், கடைப்பையன் ஒவ்வொரு பொருளுக்கும் ஒருமுறை பின்கட்டுக்குப் போய்வருகிறான் என்றால் எப்படியிருக்கும், அப்படி. எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் தலையும் இல்லை. எந்த மூலையில் இருந்தாலும் ஒரு துண்டுக்குச் சுமார் 0.1 மில்லிவிநாடிதான். அதே பத்தாயிரம் துண்டு ஒரு விநாடியில் முடிந்துவிடும்.

உங்கள் லேப்டாப்பில் இதுதான் நோயா என்பதை வாங்கும் முன்பே பார்த்துவிடலாம். எல்லாம் மெதுவாக இருக்கும் நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க் என்ற இடத்தைப் பாருங்கள். சிபியு, அதாவது பிராசசர், 20, 30 சதவீதத்தில் சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால் சந்தேகமே வேண்டாம். சிபியுதான் 100-இல் நிற்கிறது என்றால் எஸ்எஸ்டி முழுத் தீர்வாகாது. முதலில் எந்தப் புரோகிராம் அதைத் தின்கிறது என்று பார்க்க வேண்டும்.

சரி, எந்த வகை வாங்குவது? கடையில் மூன்று வகை காட்டுவார்கள். ஹார்டு டிஸ்க் அளவிலேயே சப்பட்டைப் பெட்டியாக இருப்பது 2.5 அங்குல சாட்டா. சாட்டா என்பது ஹார்டு டிஸ்க்குகளும் பயன்படுத்தும் பழைய இணைப்பு முறை. சூயிங் கம் பட்டை போல நீளமாக இருப்பது எம்.2. இந்த எம்.2 உருவத்திலேயே இரண்டு சாதி உண்டு: உள்ளே சாட்டா பேசுவது ஒன்று, அதைவிட வேகமான என்விஎம்இ என்ற புதிய முறையைப் பேசுவது இன்னொன்று. பார்க்க ஒன்று போலவே இருக்கும், ஆனால் ஒன்று ஓடும் இடத்தில் மற்றது ஓடாமல் போகலாம். முதல்முறை வாங்குபவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான்.

உங்களுக்கு வேண்டியது 2.5 அங்குல சாட்டா, 7 மில்லிமீட்டர் தடிமன். ஐந்தாம் தலைமுறை ஐ3 போட்ட சாதாரண லேப்டாப்புகளில் எம்.2 இடமே பெரும்பாலும் இருக்காது, ஹார்டு டிஸ்க் இருக்கும் இடத்தில் இது அப்படியே உட்காரும். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் இன்னும் பல வீடுகளில் அலமாரியில் கிடக்கின்றன. அவற்றுக்கும் பெரும்பாலும் இதே வகைதான் பொருந்தும். பழைய ஹார்டு டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமனாக இருந்து, புதியது கொஞ்சம் ஆடினால் அதற்கென்றே பிளாஸ்டிக் சட்டம் ஒன்று சில எஸ்எஸ்டிகளுடன் வரும். இல்லாவிட்டாலும் பழைய தாங்கியில் திருகி மாட்டினால் போதும்.

"என்விஎம்இ ஏழு மடங்கு வேகமாம், அதைப் போட வழியில்லையா" என்று கேட்பவர்கள் உண்டு. பெட்டியில் எழுதியிருப்பது உண்மைதான். சாட்டா எஸ்எஸ்டி விநாடிக்கு 550 எம்பி அளவில் நின்றுவிடும், மூன்றாம் தலைமுறை பிசிஐஇ என்ற இணைப்பில் ஓடும் என்விஎம்இ 3500 எம்பி வரை போகும். ஆனால் அந்த எண் ஒரே பெரிய கோப்பை நேர்கோட்டில் படிக்கும்போது கிடைப்பது. மேலே சொன்ன சிறு துண்டுக் கணக்கில் இரண்டுக்கும் அவ்வளவு தூரம் இல்லை. ஹார்டு டிஸ்க்கிலிருந்து சாட்டாவுக்கு மாறும்போது உயிரே வந்தது போலிருக்கும். சாட்டாவிலிருந்து என்விஎம்இக்கு மாறினால் இந்த மாதிரி வேலைகளில் கவனித்துப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே முதல் எஸ்எஸ்டிக்கு வேக எண்ணைப் பார்த்துக் காசு கொடுக்க வேண்டாம். நம்பகமான தயாரிப்புக்கும் போதுமான இடத்துக்கும் கொடுங்கள். இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

இடம் எவ்வளவு? 120 ஜிபி வேண்டாம். விண்டோஸ், அதன் அப்டேட்டுகள், ஆபீஸ், நாலு புரோகிராம் போட்டதுமே மூச்சு முட்டும். எஸ்எஸ்டி நிரம்ப நிரம்ப மெதுவாகும் குணமுடையது, ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்க வேண்டும். உங்கள் தொகைக்கு 240 அல்லது 256 ஜிபி சரியான அளவு. 480 அல்லது 500 ஜிபி கைக்கு எட்டினால் இன்னும் நல்லது, ஆனால் அதற்காகப் பெயர் தெரியாத கம்பெனிக்கு இறங்க வேண்டாம். மாட்டிய பிறகு 256 ஜிபி வெறும் 238 என்று காட்டினால் பதற வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்கி எண்ணுகிறார், விண்டோஸ் 1024-ஆல் எண்ணுகிறது. 240 என்பது 223 ஆகவும், 500 என்பது 465 ஆகவும் தெரியும். யாரும் ஏமாற்றவில்லை.

அடுத்து, டிஎல்சி, க்யூஎல்சி, டிரேம் கேஷ் என்று சொற்கள் வந்து மிரட்டும். எஸ்எஸ்டியின் நினைவுச் சில்லில் கோடிக்கணக்கான சிறு அறைகள் இருக்கின்றன. ஓர் அறையில் மூன்று பிட் வைத்தால் டிஎல்சி, நான்கு பிட் திணித்தால் க்யூஎல்சி. திணிக்கத் திணிக்க விலை குறையும். கூடவே எழுதும் வேகமும் ஆயுளும் குறையும். ஒரே விலைக்கு இரண்டும் கிடைத்தால் டிஎல்சியை எடுங்கள். டிரேம் என்பது எந்தத் தகவல் எந்த அறையில் இருக்கிறது என்ற வரைபடத்தை வைத்துக்கொள்ள எஸ்எஸ்டிக்குள்ளேயே இருக்கும் சிறிய நினைவகம். சாம்சங் 870 ஈவோவில் அது உண்டு. கிங்ஸ்டன் ஏ400, க்ரூஷியல் பிஎக்ஸ்500 போன்ற மலிவானவற்றில் இல்லை. இந்த மலிவானவை பெரிய கோப்புகளைத் தொடர்ந்து எழுதும்போது திணறும். 40 ஜிபி சினிமாக்களைக் காப்பி போடும்போது வேகம் திடீரென்று விழுவதைப் பார்ப்பீர்கள். தங்கை எழுதப்போவது அசைன்மென்ட். அதற்கு டிரேம் இல்லாததே போதும். என் வீட்டில் அப்பா பயன்படுத்தும் லேப்டாப்பில் அப்படிப்பட்ட ஒன்றுதான் ஐந்தாண்டாக ஓடுகிறது.

"எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துவிடும்" என்று யாராவது பயமுறுத்துவார்கள், அதையும் கணக்காகப் பார்த்துவிடுவோம். ஒவ்வொரு எஸ்எஸ்டிக்கும் மொத்தம் இவ்வளவு எழுதலாம் என்று டிபிடபிள்யூ என்ற எண்ணைத் தருவார்கள். கிங்ஸ்டன் ஏ400 240 ஜிபிக்கு அது 80 டெராபைட். தினமும் 20 ஜிபி எழுதினாலும், சாதாரண வேலைக்கு அது மிக அதிகம், 4000 நாள் வரும். பதினோரு ஆண்டு. அதற்குள் லேப்டாப்பின் கீலும் பேட்டரியும் போயிருக்கும். எழுதித் தேய்வதைவிட, கன்ட்ரோலர் என்ற உள் மூளை ஒருநாள் சட்டென்று நின்றுவிடுவதுதான் மலிவான எஸ்எஸ்டிகளின் உண்மையான ஆபத்து.

எனக்கே அது நடந்தது. ஒருமுறை இருநூறு ரூபாய் மிச்சம் பார்த்து, அதற்குமுன் கேள்விப்படாத பெயரில் ஒரு 256 ஜிபி வாங்கி என் அக்கா மகனின் லேப்டாப்பில் மாட்டினேன். நான்காவது மாதம், செமஸ்டர் தேர்வுக்கு முந்தின வாரம், காலையில் போட்டால் பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரையில், டிரைவ் என்ற ஒன்றே இல்லை. ஹார்டு டிஸ்க் சாகும் முன் பெரும்பாலும் கடகட என்று சத்தம் போடும், மெதுவாகும், ஏதாவது சைகை காட்டும். இது எதுவும் காட்டவில்லை. வாரண்டிக்குக் கேட்டால் பதில் சொல்ல ஆளே இல்லை. அவன் புராஜெக்ட் ரிப்போர்ட்டின் பாதி நண்பனின் மெயிலில் இருந்ததால் தப்பித்தான். மீதியை மூன்று இரவு உட்கார்ந்து மறுபடி எழுதினான். அன்றிலிருந்து யாருக்கும் அந்த மாதிரி டிரைவை நான் பரிந்துரைப்பதில்லை.

ஆகவே பெயர்கள். கிங்ஸ்டன், வெஸ்டர்ன் டிஜிட்டல் அல்லது சான்டிஸ்க், க்ரூஷியல், சாம்சங், இவற்றில் அன்றைக்கு எது உங்கள் தொகைக்குள் வருகிறதோ அது. மலிவான வரிசைகளுக்கு மூன்றாண்டு வாரண்டி, 870 ஈவோ போன்றவற்றுக்கு ஐந்தாண்டு. விலையை எழுதாமல் விடுகிறேன், காரணம் இருக்கிறது. 2025 இறுதியிலிருந்து செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் நினைவுச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் எஸ்எஸ்டி, ராம் இரண்டின் விலையும் ஏறியிருக்கிறது. நான் இன்று எழுதும் எண் அடுத்த மாதம் பொய்யாகிவிடும். இன்னொன்று: க்ரூஷியலின் தாய் நிறுவனமான மைக்ரான், அந்தப் பெயரில் பொதுமக்களுக்கு விற்பதை நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. விற்றவற்றுக்கு வாரண்டி தொடரும் என்றும் சொல்லியிருக்கிறது. நல்ல விலைக்குக் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம், பில்லை மட்டும் பத்திரப்படுத்துங்கள்.

பெயருள்ள கம்பெனிகளிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே மாடல் பெயரை வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் சில்லை நடுவில் மாற்றுவது நடக்கிறது. 2021-ல் க்ரூஷியல் பி2 டிஎல்சியிலிருந்து க்யூஎல்சிக்கு மாறியது இப்படித்தான் வெளியே தெரிந்தது. எனவே மூன்று வருடத்துக்கு முந்தைய விமர்சனத்தில் பார்த்த வேகம் அப்படியே கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். பழைய ஹார்டு டிஸ்க்கிலிருந்து வருபவருக்கு இதனால் பெரிய இழப்பில்லை என்பது ஆறுதல்.

சென்னையில் இருந்தால் ரிச்சி தெருவில் நாலு கடை ஏறி இறங்கிக் கேட்கலாம். எங்கே வாங்கினாலும் சீல் உடையாத பெட்டி, சீரியல் எண் எழுதிய ஜிஎஸ்டி பில், இரண்டும் இல்லாமல் காசைக் கொடுக்க வேண்டாம். ஆன்லைனில் என்றால் விற்பவர் யார் என்று பார்த்து, பெட்டி பிரிப்பதை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் ரூபாய்க்கு 2 டிபி, 16 டிபி என்று விளம்பரம் வரும் வெளிப்புற எஸ்எஸ்டிகள் போலி. உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டு இருக்கும், அதன் மென்பொருள் பெரிய எண்ணைப் பொய்யாகச் சொல்லும். கோப்பு ஏறுவது போலவே காட்டி, பழையதன்மேல் எழுதி அழித்துவிடும். ஏற்கனவே வாங்கிவிட்டு சந்தேகமாக இருந்தால், எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் டிரைவை முழுக்க எழுதிப் படித்துச் சரிபார்த்துச் சொல்லிவிடும்.

தொகையில் கொஞ்சம் மிஞ்சினால் அடுத்த செலவு ராம். 4 ஜிபியில் பிரவுசர் திணறும், போதாததை விண்டோஸ் டிஸ்க்கில் எழுதி எழுதிச் சமாளிக்கும். எஸ்எஸ்டி வந்ததும் அந்தச் சமாளிப்பும் வேகமாவதால் முன்போல வலிக்காது, இருந்தாலும் 8 ஜிபி என்றால் நிம்மதி. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் இருக்கிறது என்று காட்டும். உங்கள் காலத்து லேப்டாப் என்றால் பெரும்பாலும் டிடிஆர்3எல், அதில் குறைந்த மின்னழுத்த வகை என்று காட்டும் எல் என்ற எழுத்து முக்கியம். கடைக்குப் போகும்போது பழைய ராமை எடுத்துப் போய்க் காட்டுங்கள். ராமைப் பழையதாக வாங்கினாலும் எனக்கு ஆட்சேபமில்லை. எஸ்எஸ்டியைப் பழையதாக வாங்காதீர்கள்.

இனி மாட்டும் வேலை. ஸ்க்ரூ டிரைவரைத் தொடும் முன் செய்ய வேண்டியது ஒன்று: ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் போட்டோ, சான்றிதழ் ஸ்கேன், கணக்கு எல்லாவற்றையும் இன்னோர் இடத்தில் நகல் எடுப்பது. கூடவே கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். நீலமாக குட் என்று காட்டினால் சரி. மஞ்சளில் காஷன் என்று வந்தால் பழைய டிஸ்க் போகும் வழியில் இருக்கிறது, மற்றதையெல்லாம் ஒத்திவைத்து முதலில் கோப்புகளைக் காப்பாற்றுங்கள். செட்டிங்ஸில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் டிவைஸ் என்க்ரிப்ஷன் அல்லது பிட்லாக்கர் இயங்குகிறதா என்றும் பாருங்கள். இயங்கினால் அதன் மீட்புச் சாவியை காகிதத்தில் எழுதி வையுங்கள். அது இல்லாமல் பழைய டிஸ்க்கை வெளியே மாட்டினால் திறக்காது.

பழைய டிஸ்க்கை முழுவதும் அப்படியே நகலெடுத்துக் குளோன் செய்வதா, புதிதாக விண்டோஸ் போடுவதா? உங்களுக்குப் புதிதாகப் போடுவதே நல்லது. பத்தாண்டுக் குப்பையைப் புது வீட்டுக்குச் சுமந்து போக வேண்டாம் என்பது ஒன்று. 1 டிபியிலிருந்து 240 ஜிபிக்குக் குளோன் செய்வது பல நேரம் நேரடியாக நடக்காது என்பது இன்னொன்று. க்ளோன்ஸில்லா போன்ற இலவசக் கருவிகள் இலக்கு டிஸ்க் மூலத்தைவிடச் சிறியதாக இருந்தால் மறுக்கும், பார்ட்டிஷன் என்ற டிஸ்க்கின் பிரிவுகளைச் சுருக்கி ஏகப்பட்ட வேலை பார்க்க வேண்டும். மறுபடி நிறுவ முடியாத புரோகிராம் ஏதாவது இருந்தால் மட்டும் குளோன் செய்யலாம். அப்போதும் எது மூலம், எது இலக்கு என்று பெயரையும் அளவையும் சத்தமாகப் படித்துவிட்டு அழுத்துங்கள். திசை மாறினால் காலி டிஸ்க் நிரம்பிய டிஸ்க்கின்மேல் ஏறிவிடும், திரும்ப வராது.

எந்த விண்டோஸ் என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பதிவு செய்தால் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும். விண்டோஸ் 11 பொதுவாக எட்டாம் தலைமுறை இன்டெல்லில்தான் தொடங்குகிறது, உங்களுடையது அதில் வராது. குறுக்கு வழியில் ஏற்றலாம் என்று வீடியோக்கள் இருக்கின்றன. படிக்கிற பெண்ணின் லேப்டாப்பில் நான் அதைச் செய்ய மாட்டேன். என் ஆலோசனை லினக்ஸ் மின்ட், அதில் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 4 ஜிபி ராமில் நன்றாக ஓடும், லிப்ரே ஆபீஸ் கூடவே வரும், தமிழ்99 விசைப்பலகையும் சேர்த்துக்கொள்ளலாம், காசு கிடையாது. கல்லூரியில் விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருள் கட்டாயம் என்றால் விண்டோஸ் 10-ஐயே போட்டு, அந்த அப்டேட்டுக்குப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

விண்டோஸ் என்றால் மைக்ரோசாஃப்ட் தளத்தில் கிடைக்கும் மீடியா கிரியேஷன் டூலால் 8 ஜிபி பென் டிரைவைத் தயார் செய்யுங்கள். லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். அது மதர்போர்டோடு சேர்ந்தது, அதே ஹோம் அல்லது ப்ரோ பதிப்பைப் போட்டு இணையத்தில் இணைந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும். வைஃபை டிரைவரை மட்டும் முன்கூட்டியே அதே பென் டிரைவில் இறக்கி வையுங்கள்.

கழற்றுவது அரைமணி வேலை. உங்கள் மாடல் எண்ணோடு தேடினால் யாராவது கழற்றிக் காட்டிய வீடியோ இருக்கும், அதை ஒருமுறை முழுக்கப் பாருங்கள். சில மாடல்களில் அடியில் ஒரு சின்ன மூடியைத் திறந்தாலே டிஸ்க் தெரியும். சிலவற்றில் அடிப்பலகை முழுவதையும் எடுக்க வேண்டும், டிவிடி டிரைவுக்கு அடியிலும் ரப்பர் காலுக்கு அடியிலும் ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். ஷட் டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சம் இருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். பேட்டரி உள்ளேயே இருக்கும் மாடல் என்றால் பலகையைத் திறந்ததும் முதலில் அதன் கனெக்டரைக் கழற்றுங்கள். வெவ்வேறு நீளத்தில் ஸ்க்ரூ வரும். ஒரு தாளில் லேப்டாப்பின் உருவத்தை வரைந்து அந்தந்த இடத்தில் டேப் போட்டு ஒட்டி வைத்தால் குழப்பமே வராது.

டிஸ்க்கை மேலே தூக்காதீர்கள், கனெக்டர் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகக் கிடைமட்டமாக இழுங்கள். அதைச் சுற்றியிருக்கும் உலோகத் தாங்கியைக் கழற்றி எஸ்எஸ்டிக்கு மாட்டி, அதே வழியில் உள்ளே தள்ளினால் லேசாகப் பொருந்தி உட்காரும். அழுத்தம் தேவைப்பட்டால் எங்கோ கோணல், எடுத்து மறுபடி வையுங்கள். பழைய டிஸ்க்கை இப்போதைக்கு வெளியிலேயே வைத்திருங்கள். இரண்டும் உள்ளே இருக்கும்போது விண்டோஸ் போட்டால் அது பூட் கோப்புகளைப் பழையதில் கொண்டுபோய் வைத்துவிடக்கூடும். பின்னால் பழையதைக் கழற்றும்போது லேப்டாப் எழாது.

மூடும் முன் பயாஸுக்குள் போய்ப் புது டிரைவின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். சாட்டா மோட் என்ற இடத்தில் ஏஹெச்சிஐ என்று இருக்க வேண்டும், ஐடிஇ என்றிருந்தால் மாற்றிவிடுங்கள். பூட் மோட் யூஇஎஃப்ஐ என்று இருக்கட்டும். பென் டிரைவிலிருந்து எழுப்பி, எங்கே நிறுவுவது என்று கேட்கும் இடத்தில் அன்அலோகேட்டட் ஸ்பேஸ் என்ற ஒரே வரிதான் தெரியும். அதைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் அழுத்தினால் போதும், வேண்டிய பார்ட்டிஷன்களை அதுவே போட்டுக்கொள்ளும். 240 ஜிபியை சி, டி, இ என்று வெட்டாதீர்கள். ஹார்டு டிஸ்க் காலத்துப் பழக்கம் அது. இங்கே இடம்தான் வீணாகும்.

எழுந்ததும் அப்டேட்டுகளையும் டிரைவர்களையும் முடியுங்கள். அப்புறம் ஸ்டார்ட் மெனுவில் டிஃப்ராக்மென்ட் என்று தேடி ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் ஜன்னலைத் திறங்கள். புதியது சாலிட் ஸ்டேட் டிரைவ் என்று தெரிய வேண்டும், வாராந்திர வேலை ஆன் ஆகியிருக்க வேண்டும். டிரிம் என்ற கட்டளையை இது வாரந்தோறும் மறுபடி அனுப்புகிறது. நீங்கள் அழித்த கோப்புகளின் அறைகள் இனி வேண்டாம் என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் கட்டளை அது. அது இல்லாவிட்டால் நாளாக நாளாக எழுதும் வேகம் குறையும். இதே டிரிம்மால், தவறி அழித்த கோப்பை எஸ்எஸ்டியிலிருந்து மீட்பது ஹார்டு டிஸ்க்கைப் போல எளிதல்ல என்பதையும் தங்கைக்குச் சொல்லுங்கள்.

எஸ்எஸ்டியைக் காப்பாற்ற பேஜ் ஃபைலை (ராம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் எழுதும் கோப்பு) நிறுத்து, பிரீஃபெட்ச்சை நிறுத்து, பிரவுசர் கேஷை வேறிடத்துக்கு மாற்று என்று பழைய ஆலோசனைகள் நிறைய சுற்றுகின்றன. எதையும் செய்ய வேண்டாம். 4 ஜிபி ராம் உள்ள இயந்திரத்தில் பேஜ் ஃபைலை நிறுத்தினால் பிரவுசர் பாதியில் செத்துவிழும். மூன்றாம் நபர் டிஃப்ராக் மென்பொருள் இருந்தால் அதை மட்டும் நீக்குங்கள். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தில் தேவையில்லாதவற்றை அணைத்துவிடுங்கள்.

தயாரிப்பாளரின் மென்பொருளை ஒருமுறை போட்டு, எஸ்எஸ்டிக்குள்ளேயே ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர் புதியதா என்றும் பாருங்கள். சாதாரண விஷயமாகத் தோன்றும். க்ரூஷியல் எம்4 என்ற பழைய எஸ்எஸ்டியில் 5184 மணி நேரம் ஓடியதும் தொங்கிப்போகும் பிழை ஒன்று இருந்தது, 2012-ல் ஃபர்ம்வேர் அப்டேட்தான் அதைச் சரிசெய்தது.

கடைசியாகப் பழைய 1 டிபி. ஒரு மாதம் அதைத் தொடாதீர்கள், துணியில் சுற்றி அலமாரியில் வையுங்கள். ஏதாவது கோப்பை மறந்திருந்தால் அதில் இருக்கும். ஒரு மாதம் கழித்து இரண்டு வழி உண்டு. யூஎஸ்பி கேசில் போட்டு வெளிப்புற டிஸ்க்காக மாற்றினால் தங்கையின் வேலைக்கு வாராந்திர பேக்கப் கிடைக்கும், என் தேர்வு இதுதான். குடும்பப் போட்டோக்களும் அதிலேயே இருக்கட்டும். மின்சாரம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடக்க எஸ்எஸ்டி ஏற்றதல்ல. இன்னொரு வழி, டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேடி என்ற சட்டத்தில் ஹார்டு டிஸ்க்கை மாட்டுவது. கேடி 9.5, 12.7 மில்லிமீட்டர் என்று இரண்டு தடிமனில் வருகிறது, டிவிடி டிரைவை அளந்த பிறகு வாங்குங்கள். எஸ்எஸ்டியை அதற்குள் போடாமல் அசல் இடத்திலேயே விடுங்கள், சில மாடல்களில் டிவிடி பக்கத்து இணைப்பு வேகம் குறைந்தது.